ப்ரீ-மெட் பிள்ளைக்கு உலக அனுபவம்: கோஸ்டா ரிக்காவா, கோபன்ஹேகனா, நம்ம ஊரா, பக்கத்துத் தெருவா?

அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேராக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது மிகச் சிலருக்கே வாய்க்கிறது. மற்றவர்களுக்கு முதலில் நான்கு வருடக் கல்லூரி. அதற்குள் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடைவெளி இல்லாமல் சேர வேண்டுமென்றால், பட்டம் வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பமும் போட்டாக வேண்டும். இந்த வரிசையில் நிற்கிற பிள்ளைகளைத்தான் ப்ரீ-மெட் என்கிறார்கள். மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது என்று தேடும்போது 'குளோபல் ஹெல்த் அனுபவம்' என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும், கூடவே ஒரு பில்லும்.

நான் நியூ ஜெர்சியில் ஃபார்மசிஸ்ட். வாரக் கடைசியில் ஓர் இலவச கிளினிக்கில் மருந்துப் பக்கம் நிற்பேன். தமிழ்ப் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு வருகிற அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கோஸ்டா ரிக்காவுக்கு அனுப்பலாமா, டென்மார்க்குக்கு அனுப்பலாமா, இல்ல பேசாம ஊருக்கே அனுப்பிடலாமா?" பிள்ளைகள் இதைத் தமிழில் படிக்கப் போவதில்லை என்று தெரியும். பணம் கட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். அங்கே பிள்ளைக்கு என்ன செய்ய அனுமதி இருக்கிறது? ஒரு வாரம் பிள்ளை வரவில்லையென்றால் "எங்கே காணோம்?" என்று யாராவது கேட்பார்களா? இரண்டாவதுதான் முக்கியம்.

பத்து நாள் மருத்துவப் பயணம்

அப்படிப்பட்ட ஒரு பயணத்தில், மத்திய அமெரிக்காவில், மருந்துப் பொறுப்பாளராகப் போயிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தை கிளினிக்காக மாற்றுவார்கள். முதல் வகுப்பறையில் பிரஷர் பார்ப்பது, அடுத்ததில் டாக்டர், கடைசியில் மருந்து. பெஞ்சு மேல் குடற்புழு மாத்திரை, வைட்டமின், ஐபுப்ரோஃபென், கொஞ்சம் பிரஷர் மாத்திரை. மாணவர்கள் உற்சாகமாக மாத்திரையை எண்ணி ஜிப் கவரில் போடுவார்கள். வரிசையில் வந்த ஒரு பெரியவருக்குப் பிரஷர் மிக அதிகமாக இருந்தது. டாக்டர் எழுதினார், முப்பது நாள் மாத்திரை கொடுத்தோம். முப்பத்தொன்றாம் நாள் அவர் எங்கே போவார் என்று ஏற்பாட்டாளரைக் கேட்டேன். அடுத்த குழு கோடையில் வரும் என்றார். பிரஷர் அதுவரை காத்திருக்குமா?

மருந்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. கல்லூரி இரண்டாம் வருடப் பிள்ளை நோயாளிக்கு ஊசி போடுவதை யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதே பிள்ளை நியூ ஜெர்சியில் அதே ஊசியைத் தொட்டால் போலீஸ் வரும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி இதற்காகவே 2011இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெளிநாட்டில் ப்ரீ-மெட் மாணவரின் வேலை பார்த்துக் கற்பது, கைவைத்துச் சிகிச்சை செய்வது அவர் வேலையில்லை என்பதுதான் அதன் சாரம். எல்லை தாண்டினால் விண்ணப்பத்துக்கே பாதகமாகலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஆக, எதைக் காட்டி மதிப்பு வாங்கலாம் என்று நினைத்துப் பணம் கட்டுகிறோமோ, அதுவே திருப்பி அடிக்கக்கூடும்.

செலவு? விமான டிக்கெட்டோடு சேர்த்தால் ஆயிரக்கணக்கான டாலர். எல்லாப் பயணமும் மோசம் என்று சொல்லமாட்டேன். வருடம் முழுக்க அந்த ஊர்க்காரர்களே நடத்துகிற கிளினிக், அவர்கள் கேட்ட வேலைக்கு மட்டும் மாணவர்கள், வேலையும் தண்ணீர்க் குழாய், கணக்கெடுப்பு, பதிவேடு என்ற அளவில் என்றால் சரி, போகட்டும். போவதற்கு முன் மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் 'குளோபல் அம்பாசடர்ஸ் ஃபார் பேஷன்ட் சேஃப்டி' என்ற இணையப் பயிற்சியை முடிக்கச் சொல்லுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யச் சொன்னால் எப்படி மறுக்கலாம் என்று அதில் தெளிவாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஒரு செமஸ்டர் வெளியே

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிப்பதைப் பற்றி நம் வீடுகளில் யோசிப்பதே குறைவு. "படிப்பு கெட்டுப்போகும்" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அந்த பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் எல்லாம் இரண்டு செமஸ்டர் தொடர்ச்சி. நடுவில் கிளம்பினால் வண்டி தடம் புரளும். வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடத்தை அடிப்படைத் தகுதிப் பாடமாக ஏற்காத மெடிக்கல் ஸ்கூல்களும் நிறைய. அதனால் அங்கே போய் வேதியியல் எடுக்கக்கூடாது. பொதுச் சுகாதாரம், மானுடவியல், மொழி என்று எடுத்தால் சிக்கலில்லை. முதல் வருடத்திலேயே கால அட்டவணை போட்டால் ஒரு செமஸ்டர் தாராளமாக ஒதுக்கலாம். முடியாவிட்டால் கோடைகால வகுப்பு இருக்கிறது.

ப்ரீ-மெட் மாணவர்கள் அதிகம் போகிற இடங்களில் கோபன்ஹேகன் ஒன்று. டிஐஎஸ் என்ற அமைப்பு அங்கே அமெரிக்க மாணவர்களுக்காகவே செமஸ்டர் நடத்துகிறது. டென்மார்க் டாக்டர்களே பாடம் எடுக்கிறார்கள். அங்கே பிள்ளை எந்த நோயாளிக்கும் ஊசி போடப் போவதில்லை. ஆனால் ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு, பில் எதுவும் வராமல், குடும்ப டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிற ஜனங்களைப் பார்க்கும். அவர் சொன்னால்தான் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியும் என்பதையும், பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் பெரும்பாலும் கைக்காசு என்பதையும் பார்க்கும். இன்சூரன்ஸ் கார்டு இல்லாத மருத்துவத்தைக் கண்ணால் காணாத அமெரிக்கப் பிள்ளைக்கு இது நல்ல அதிர்ச்சி. பணக்கார நாட்டுக்குப் போவது உலக அனுபவம் ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஏழ்மையைப் பார்த்தால்தான் கணக்கு என்பது எங்கிருந்து வந்த எண்ணமோ!

பணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில கல்லூரிகளில் உங்கள் உதவித்தொகை அப்படியே கூட வரும், சிலவற்றில் வராது. கல்லூரியின் ஸ்டடி அப்ராட் அலுவலகத்தில் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஊருக்குப் போவது

நமக்கு மட்டும் இருக்கிற வழி இது. பெரும்பாலான வீடுகளில் அதை வீணடிக்கிறார்கள்.

வழக்கமாக நடப்பது இப்படி. சித்தப்பாவின் நண்பர் கோவையிலோ திருச்சியிலோ ஆஸ்பத்திரி வைத்திருப்பார். "அனுப்பி வை, பாத்துக்கறேன்" என்பார். பிள்ளை போனதும் ஒரு வெள்ளைக் கோட்டு, ஆபரேஷன் தியேட்டரில் ஓர் இடம். மேசையில் படுத்திருக்கிற அம்மாவிடம் "இந்தப் பையன் இன்னும் டாக்டர் இல்லை, பார்க்கலாமா?" என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உறவுக்காரர் இடம் என்பதால் இது பத்து நாள் பயணத்தைவிட மேல் என்று ஆகிவிடாது. அதே தவறுதான், டிக்கெட் மட்டும் நாமே போட்டது.

ஊரில் பார்க்க வேண்டியது வேறு. சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகளில் ஒரு பாதிப்பேரை சானடோரியத்தில் (தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில்) சேர்த்தார்கள், மறு பாதிக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று கூடியதாகவும் தெரியவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றானதற்கு மெட்ராஸ் குடிசைவாசிகள் பெரிய காரணம். மேற்கிலிருந்து உதவி கிழக்குக்குப் போகிறது என்ற படத்தோடு வளர்கிற பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. 1992இல் அவர்கள் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய, கிராமத்து ஆட்களுக்கும் அது எட்டியது. கிராமத்தில் முகாம் போட்டு, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை பஸ்ஸில் ஏற்றி வந்து, முடித்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற ஏற்பாட்டைப் பார்த்தாலே போதும். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் டாக்டர்கள் ரெஜி, லலிதா தம்பதி 1993இல் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனையும் அப்படித்தான். இவர்கள் யாரும் கேட்டவுடன் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதங்களுக்கு முன்பே எழுதி, என்ன வேலைக்கு ஆள் தேவை என்று பணிவாகக் கேட்க வேண்டும்.

அதுவும் கிடைக்கவில்லையா? தாத்தா பாட்டி வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்கி, அந்த அக்காவோடு ஒரு தெரு நடந்து பார்க்கட்டும். நான் முப்பது நாள் மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறினேனே, அந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு ஓர் அரசு என்ன ஏற்பாடு செய்கிறது என்பது அங்கே தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் ஆராய்ச்சி செய்ய இந்திய அரசின் தனி அனுமதி வேண்டும். "சும்மா ஒரு சர்வே" என்று ஆரம்பிக்கக்கூடாது. அப்புறம் தடுப்பூசி. அமெரிக்காவில் டைஃபாய்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். "நம்ம ஊர்தானே" என்று ஊசி போடாமல் போவதுதான் வினை.

பக்கத்துத் தெரு

அம்மாக்களுக்கு ஆர்வம் குறைவாகவும் எனக்கு நம்பிக்கை அதிகமாகவும் உள்ள வழி இது. விமானம் இல்லை, போட்டோ இல்லை, சனிக்கிழமை காலையில் எழுந்து போக வேண்டும்.

எங்கள் கிளினிக்கில் ப்ரீ-மெட் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முக்கியமான வேலை மருந்துப் பட்டியல் எழுதுவது. நோயாளி கொண்டுவருகிற பையைக் கவிழ்த்து, என்னென்ன சாப்பிடுகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதி என்னிடம் காட்ட வேண்டும். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்த ஒரு பாட்டி, ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த சுகர் மாத்திரை அட்டையை நீட்டினார். டாக்டருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்த பெண் பிள்ளை, இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் இருப்பதைக் கண்டுபிடித்தாள்: மெட்ஃபார்மின், கூடவே கிளிமெபிரைடு. இந்தச் சேர்க்கை இந்தியாவில் பெட்டிக்கடை மிட்டாய்போலக் கிடைக்கும், அமெரிக்காவில் ஒரே மாத்திரையாக விற்பனையில் இல்லை. அவள் அதோடு நிற்கவில்லை. "பாட்டி, எப்பவாச்சும் சாப்பிடாம இருப்பீங்களா?" என்றாள். செவ்வாய்க்கிழமை விரதம், மாத்திரை மட்டும் தவறாமல் போட்டுவிடுகிறார். கிளிமெபிரைடு வயிறு காலியாக இருக்கும்போது சுகரை அபாயமாகக் கீழே இறக்கும். செவ்வாய்தோறும் வந்த நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மருந்தை மாற்றியது டாக்டர். கேட்டது பத்தொன்பது வயசுப் பிள்ளை. இரண்டு நாட்டு மருந்துக்கடை, ஒரு விரதம், பழைய நோய்க்குப் பணம் தராத விசிட்டர் இன்சூரன்ஸ், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன.

நியூ ஜெர்சி என்றால் இப்படி. மினியாபோலிஸில் படிக்கிற பிள்ளைக்கு சீடர்-ரிவர்சைடு பகுதியில் சோமாலியர்கள் இருக்கிறார்கள். ஒஹாயோவின் கொலம்பஸில் பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளி மக்கள். அட்லாண்டாவை ஒட்டிய கிளார்க்ஸ்டனில் பர்மா, காங்கோ, சிரியா என்று பல நாட்டு அகதிகள் ஒரே ஊரில். 2025 முதல் புதிதாக அகதிகள் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் முன்பு வந்தவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குப் போகத் துணை இன்னும் தேவைப்படுகிறது.

பால் ஃபார்மர் என்ற டாக்டரை குளோபல் ஹெல்த் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2022இல் ருவாண்டாவில் இறந்தார். ஹைட்டியில் ஏழைகளுக்கு அவர் செய்த மருத்துவத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அவர் ஹைட்டி மக்களை முதலில் பார்த்தது வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்களாக. 1983இல்தான் ஹைட்டிக்குப் போனார்.

தமிழ் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு மருத்துவ மொழிபெயர்ப்பு என்ற வாய்ப்பும் உண்டு. 40 மணி நேரப் பயிற்சி முடித்து, 18 வயது ஆனால், தேசியச் சான்றிதழுக்கு முயலலாம். தமிழுக்கென்று தனி வாய்மொழித் தேர்வு இல்லை. எல்லா மொழிக்காரர்களும் எழுதுகிற பொதுத் தேர்வு இருக்கிறது. ஆனால் "சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா" அளவுத் தமிழோடு ஒருவரின் நெஞ்சு வலியை மொழிபெயர்க்க உட்காரக்கூடாது. அந்தப் பிள்ளை ஸ்பானிஷ் எடுப்பது மேல். அமெரிக்காவில் டாக்டராகிற யாருக்கும் அது வீண்போகாது.

விசா விஷயமும் இந்த வழிக்குச் சாதகம். எச்-4இல், அதாவது வேலை விசாவில் இருக்கிற பெற்றோரைச் சார்ந்த விசாவில், இருக்கிற பிள்ளை வெளிநாடு போனால் திரும்ப விசா ஸ்டாம்பிங் கவலை. 21 வயதில் அந்த அந்தஸ்தே முடிந்துவிடும் என்ற கவலை வேறு. சம்பளமில்லாத உண்மையான தன்னார்வ வேலைக்கு எச்-4 தடையில்லை. சந்தேகமிருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பு முடித்த பிறகு

இப்போது மெடிக்கல் ஸ்கூலில் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடுவில் ஒரு வருடமாவது எடுத்துக்கொண்டவர்கள். அதனால் "கேப் இயர்" என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்க அரசு 1961இல் தொடங்கிய தன்னார்வச் சேவை அமைப்பான பீஸ் கார்ப்ஸில் 27 மாதம் வெளிநாட்டில். வாழ்க்கைச் செலவுக்கு அவர்களே கொடுப்பார்கள். ஒரே கிராமத்தில் இருந்து, மொழி கற்று, தாய்சேய் நலம், மலேரியா தடுப்பு போன்ற வேலை. வெளிநாட்டில் படிக்கவோ ஆராயவோ அமெரிக்க அரசு தரும் ஃபுல்பிரைட் உதவித்தொகை என்றால் பொதுவாக ஒரு கல்வியாண்டு, விண்ணப்பம் முந்தைய வருடம் அக்டோபரிலேயே முடிந்துவிடும். பீஸ் கார்ப்ஸுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், ஃபுல்பிரைட்டின் அமெரிக்க மாணவர் திட்டத்துக்கும் அப்படித்தான். பீஸ் கார்ப்ஸ் போவதாக இருந்தால் எம்கேட்டை எப்போது எழுதுவது என்று முன்பே திட்டமிட வேண்டும். மதிப்பெண்ணை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஏற்காத ஸ்கூல்கள்தான் அதிகம். முதலில் சொன்ன என் இரண்டு கேள்விக்கும் பீஸ் கார்ப்ஸைவிட நல்ல பதில் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் பிள்ளைக்கே வேட்கை இருக்க வேண்டும். அம்மா சொல்லி 27 மாதம் யாரும் தாங்கமாட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என்னைக் கேட்டால், முதல் வருடமே பக்கத்துத் தெரு கிளினிக். அதை விடாமல் வைத்துக்கொண்டு, ஒரு கோடையில் ஊருக்குப் போய் அதே நோய்களை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது. கால அட்டவணையும் பணமும் இடம் கொடுத்தால் ஒரு செமஸ்டர் வெளியே. குடியுரிமை இருந்து மனசும் இருந்தால் பட்டத்துக்குப் பிறகு நீண்ட வேலை. பத்து நாள் பயணம் என் பட்டியலில் கடைசி. அதற்கு ஆகும் காசில் ஊருக்கு டிக்கெட்டும் ஸ்பானிஷ் வகுப்பும் முடிந்துவிடும்.

விண்ணப்பமும் இதற்கு ஒத்தே வருகிறது. மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான ஏஎம்காஸ் படிவத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் இடைவெளியோடு 700 எழுத்து. அதில் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்து, மேலும் 1,325 எழுத்து எழுதலாம். எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, யாரைத் தொடர்புகொள்ளலாம் என்றும் கேட்பார்கள். மூன்று வருடச் சனிக்கிழமைகளுக்கு அந்தக் கட்டங்களை நிரப்புவது கஷ்டமில்லை. பத்து நாளுக்கு என்ன எழுதுவது? "ஏழைகள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள்" என்று எழுதின கட்டுரைகளை என்னிடம் திருத்தக் கொண்டுவந்திருக்கிறார்கள். படிக்கவே சங்கடமாக இருக்கும்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் ஏற்பாட்டாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: உள்ளூர் டாக்டர் யார், மாணவர்கள் எதைத் தொடக்கூடாது என்று எழுத்தில் இருக்கிறதா, நீங்கள் கிளம்பிய பிறகு நோயாளிகளை யார் பார்ப்பார்கள். பதிலாக வண்ணப் படங்களோடு இன்னொரு பிரசுரம் வந்தால், ஒப்பந்தத்தில் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள்.

கிளினிக் பக்கம் போகிறவர்கள் காகித வேலையைக் குறைத்து நினைக்க வேண்டாம். காசநோய் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, பின்னணி விசாரணை, நோயாளிகளின் ரகசியம் காப்பது பற்றிய பயிற்சி என்று பல வாரம் இழுக்கும். செப்டம்பரில் எல்லா ப்ரீ-மெட்டும் ஃபார்மோடு வந்து நிற்பார்கள். உங்கள் பிள்ளையை ஜூலையிலேயே போடச் சொல்லுங்கள், அப்போது ஆள் பற்றாக்குறை, சீக்கிரம் கூப்பிடுவார்கள்.